பூண்டுக் கொட்டகையில் காய்ந்த வோல்கா

நஸ்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். இன்று திங்கள். வெள்ளிக்கிழமை ராமநாதன் சார் எழுதி நீ தொகுத்த புத்தகம் அச்சுக்குப் போகிறது, சனிக்கிழமை நீ ரஷ்யாவுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய ஆள் உன்னைப் பெற்ற நான். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை விசா கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். இரண்டாம் தடவை கம்பளிச் சட்டை எத்தனை எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். வாயால் பேசும்போது எனக்குப் பேச்சை மாற்றத் தெரியும், முப்பது வருட வியாபாரம் கற்றுக்கொடுத்தது அதுதான். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்தில் அந்தச் சாமர்த்தியம் வராது. ஆகவே எழுதுகிறேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ராமநாதன் சாரின் ஐந்து நோட்டுகளை யாரும் திருடவில்லை. யாரும் மாற்றி வைக்கவுமில்லை. டிரங்குப் பெட்டியில் நீ பார்த்த வெள்ளை நோட்டுகள்தான் அவர் விட்டுப்போன நோட்டுகள். அவற்றில் இருந்த எழுத்து போனது என் கையால். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்த செல்வராணிக்கு அதில் இம்மியும் பங்கில்லை. ‘படிச்சுப் பாருங்க அத்தா’ என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய முன்னுரையின் மூன்றாம் பக்கத்தில், மீதிக் கைப்பிரதி பேத்துப்பாறையைச் சேர்ந்த உதவியாளர் ஒருவரால் களவு போனது என்று எழுதியிருக்கிறாய். பெயர் போடவில்லை என்று நினைத்திருப்பாய். பேத்துப்பாறை மாதிரி ஒரு மலைக்கிராமத்தில் சாருக்கு எழுதிக் கொடுத்த பெண் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நம்மை அறியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். சார் நம் குடோனுக்கு மேலே இருந்த அறையில் ஏழு வருடம் குடியிருந்தார். மாஸ்கோவில் இருபது வருடம் ரஷ்யப் புத்தகங்களைத் தமிழில் போட்டுக்கொண்டிருந்தவர் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு அவர் வாரத்துக்குக் கால் கிலோ மலைப்பூண்டும் ஒரு கட்டுக் கீரையும் வாங்குகிற வாடிக்கையாளர். நீ டெல்லியில் ரஷ்ய மொழி படித்துவிட்டு லீவுக்கு வந்த அன்றைக்குத்தான், மாடிப்படியில் நின்று அந்தப் பாஷையில் நீங்கள் இருவரும் சிரித்ததைக் கேட்டு பஜாரே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு அவர் ‘ரஷ்யா சார்’ ஆனார். வோல்கா ஆற்றங்கரையில் ஒரே ஜில்லாவில் பிறந்த ஏழு எழுத்தாளர்கள், அவர்களுடைய வாழ்க்கை, அவர்கள் போன பிறகு அந்த ஊர்கள் அவர்களை என்ன செய்தன என்று ஏழு நோட்டு எழுதப் போவதாகச் சொன்னார். ஆளுக்கு ஒரு நோட்டு. நான் கேட்டேன், ‘ஒரே ஜில்லாவுல ஏழு பேரா சார், அந்தத் தண்ணியில என்னமும் கெடக்கா?’ அவர் சொன்னார், ‘வருஷத்துல அஞ்சு மாசம் பனி பாய். வெளிய ஒரு சோலியும் கிடையாது. ஒண்ணு குடிக்கணும், இல்ல எழுதணும். இவங்க ரெண்டையும் செஞ்சாங்க.’

கடைக்கு வரும்போதெல்லாம் ஒரு கதை சொல்வார். படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கிழித்த சீட்டுகளின் முதுகில் மூன்றே மூன்று கதை எழுதிவிட்டுச் செத்துப்போனாளாம். இன்றைக்கு அந்த ஊரில் அவள் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, தெருவில் இருக்கிறவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது தானிய வியாபாரி மகனின் கதை. அப்பன் தராசில் விரல் வைத்து நிறுக்கிற ஆள். மகன் அதை அப்படியே புத்தகமாக எழுதிவிட்டான். ஊர் முழுக்கச் சிரித்தது. அப்பன் கடைகளில் இருந்த அத்தனை பிரதிகளையும் வாங்கிக் கொண்டுபோய்த் தானியக் கிடங்கில் அடைத்தான். அவன் செத்த பிறகு கிடங்கைத் திறந்தால், ஒரே ஒரு பிரதியில் மட்டும் பென்சிலால் திருத்தம் இருந்தது. விரல் வைத்ததை அவன் மறுக்கவில்லை. மகன் போட்டிருந்த கோதுமை விலையை மட்டும் திருத்தியிருந்தான். அந்தப் பிரதியை இன்றைக்கு ஒரு வீட்டில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களாம். நீ இப்போது போய்ப் பேசப் போவது அந்த வீட்டில்தான். ‘நல்ல வியாபாரி சார்’ என்று சொல்லி நான் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தேன்.

இரண்டு நோட்டு அவர் கையால் எழுதியவை, சாதாரண பால்பாயிண்ட் பேனாவில். அதற்குள் கண் மங்கிவிட்டது. எழுத ஆள் வேண்டும் என்றார். செல்வராணியைக் கொண்டுவந்து விட்டவன் நான். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், பத்தாவது முடித்தவள், முத்து முத்தான கையெழுத்து. காலையில் ஒரு பள்ளி விடுதியில் வேலை, மதியத்துக்கு மேல் சாருக்கு எழுத்து. அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லுவார், மாற்றுவார், மறுபடி மாற்றுவார். அவள் அடித்து அடித்து எழுதியதில் நோட்டு கறுத்துப்போனது. நீதான் டெல்லியிலிருந்து ஒரு டஜன் பேனா அனுப்பினாய், முனையால் தேய்த்தால் மை அழிந்துபோகிற பேனா. மீதி ஐந்து நோட்டும் அந்தப் பேனாவில்தான் எழுதியது. இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. எந்தச் சரக்கு எதில் கெடும் என்று தெரிந்துகொள்ளாமல் அதைத் தொட்டவன் நான்.

போன ஐப்பசியில் சாருக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அந்த வாரம் மழை விடவில்லை. மேலறையில் ஒழுகி டிரங்குப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. திறந்து பார்த்தால் நோட்டுகள் சொதசொதவென்று கிடந்தன, ஓரத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஈரமான பூண்டை என்ன செய்வோம்? வடகவுஞ்சியில் இருக்கிற நம் பூண்டுக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு அடியில் விறகு மூட்டிப் புகை போடுவோம். புகை பட்டால் ஈரம் போகும், பூச்சி அண்டாது, ஆறு மாதம் கெடாது. ஏழு நோட்டையும் ஜீப்பில் எடுத்துப் போனேன். சாரின் இரண்டு நோட்டு அவ்வளவாக நனையவில்லை, அதை மேல் வரிசையில் தொங்கவிட்டேன். இந்த ஐந்தும் நன்றாக ஊறியிருந்தன. வெரசாகக் காயட்டும் என்று கீழ் வரிசையில், நெருப்புக்குப் பக்கத்தில் கட்டினேன். விதைப்பூண்டைக்கூட அத்தனை கீழே நான் கட்டியதில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து சார் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், ‘நோட்டு பத்திரமா பாய்?’ பத்திரமாக இருக்கிறது சார், காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன். அதுதான் அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு.

மூன்றாம் நாள் எடுத்துப் பிரித்தேன். தாள் முறுக்காகக் காய்ந்திருந்தது. எழுத்து இல்லை. ஐந்து நோட்டிலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு எழுத்தும் இல்லை. நான் கொட்டகைக்கு வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே போய் வேறு நோட்டு கிடக்கிறதா என்று தேடினேன். எப்படிப் போனது என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் எழுத்தோடு உள்ளே போனது, எழுத்து இல்லாமல் வெளியே வந்தது, நடுவில் இருந்தவன் நான்தான் என்பது தெரியும். அன்று சாயங்காலமே சார் இறந்துபோன செய்தி வந்தது. ஏழு நோட்டையும் பெட்டியில் பழையபடி அடுக்கிப் பூட்டினேன். சாவியை ஆணியில் மாட்டினேன்.

நீ வந்து பெட்டியைத் திறந்தபோது நான் உன் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டு நோட்டில் எழுத்து, ஐந்தில் வெறும் தாள். என்ன அத்தா இது என்று கேட்டாய். எனக்கென்ன தெரியும் என்றேன். நீ ஏழு நோட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாய். பிறகு, ‘செல்வராணி அக்கா எழுதுனது மட்டும்தான் இல்ல’ என்றாய். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு வெறும் நோட்டை வைத்துவிட்டாள், யாரிடமோ கொடுத்துவிட்டாள் என்று நீயே கணக்குப் போட்டு முடித்தாய். மறுநாள் பேத்துப்பாறை டீக்கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கும்போது அவளை நிறுத்திக் கேட்டாய். நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன், தூறல் போடுகிறது என்ற சாக்கில்.

ஆளைச் சட்டென்று கண்டுபிடிக்கிற இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இந்த எட்டு மாதமாக யோசித்தேன். நீ ஏழாவது படிக்கும்போது உன் பள்ளி விழாவுக்கு மூன்று பெட்டி பேரிக்காய் கொடுப்பதாகச் சொன்னேன். கனிந்து அழுகத் தொடங்கியிருந்த பெட்டிகளை நான்தான் எடுத்து வைத்தேன், பள்ளிக்குத்தானே என்று. வகுப்பே உன்னைக் கேலி செய்தது. அழுதுகொண்டு வந்தாய். டிரைவர் மணி பெட்டியை மாற்றி ஏற்றிவிட்டான் என்று சொன்னேன். நீ கடை வாசலில் நின்று, தினமும் உன்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்ட அந்த மனுஷனிடம் கத்தினாய். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, ‘சரிம்மா’ என்றான். அதுவரை உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அன்றிலிருந்து பாப்பா போய் அம்மா ஆகிவிட்டது. நீ கவனித்திருக்க மாட்டாய், நான் கவனித்தேன். வியாபாரத்தில் சரக்கு கெட்டால் முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும், வாங்குகிறவன் வாயால் வரக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். வீட்டுக்குள் அதை ஒரு நாளும் செய்யவில்லை.

உன் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். நீ அனுப்பிய முன்னுரையை அவள் என் போனில் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள், ‘அந்த நோட்டுல பூண்டுக் கொட்டகைப் புகை நாத்தம் அடிக்குதே, எனக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சீங்களா?’ எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். ‘பெட்டியத் தொறந்த அன்னைக்கே. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். இனிமே இருக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நீயும் அந்த நோட்டைக் கையில் வைத்துப் புரட்டினாய் நஸ்ரின். தாளைத்தான் பார்த்தாய்.

உன் அம்மா கேட்ட அன்றைக்கே சார் மேசையில் கிடந்த பேனா ஒன்றை எடுத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்தேன். கொட்டகைச் சூடுதான் காரணமோ என்று அதன்மேல் சூடான டீ கிளாஸை வைத்தேன். எடுத்தால் வட்டமாக வெள்ளை. திண்டுக்கல்லில் நோட்டுப் புத்தகம் மொத்தமாக விற்கிற சிநேகிதருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, அந்த மை சூட்டில் போகும், ஃப்ரீசரில் வைத்தால் திரும்பி வரும், அட்டைப் பெட்டியின் பின்னாலேயே எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா பாய் என்றார். கடையில் ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டியைக் காலிசெய்து மூன்றாம் நோட்டை வைத்தேன். மறுநாள் வெள்ளனே திறந்தால் எழுத்து வந்திருந்தது. லேசாக, சாம்பல் நிறத்தில். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பிறகு படிக்க முயன்றேன், முடியவில்லை. திரும்பி வந்தது செல்வராணி கடைசியாக எழுதியது மட்டுமல்ல. சார் சொல்லி அவள் தேய்த்து அழித்ததெல்லாம் கூடவே எழுந்து வந்துவிட்டது. ஒரே வரியின்மேல் மூன்று வரி, நான்கு வரி. எது நின்றது, எது போனது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எத்தனை ரஷ்யன் படித்திருந்தாலும் உனக்கும் தெரியாது. தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

நேற்று அந்த நோட்டோடு பேத்துப்பாறைக்குப் போனேன். களவாடினவள் என்ற பேச்சு கிளம்பியதும் விடுதி வேலையிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள்; இப்போது கேரட் கழுவுகிற வேலைக்குப் போகிறாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை, தண்ணீருக்குள் கேரட்டை உருட்டிக்கொண்டே இருந்தாள். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், ‘எட்டு மாசமா நானே நம்பிட்டேன் பாய். எழுதினேனா, எழுதின மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு. என் தலைதான் சரியில்லன்னு எங்கம்மாகிட்ட சொல்லி அழுதேன்.’ நோட்டை நீட்டினேன். முதலில் வாங்கவில்லை. பிறகு வாங்கி, தானிய வியாபாரி மகனின் புத்தகத்தைப் படிக்கிற பக்கத்தைப் பிரித்து, விரலால் தடவிக்கொண்டே வாசித்தாள். ‘இந்தா, இதுதான் மொத. அப்பன் படிச்சுக் கோபப்பட்டார்னு சொன்னாரு. அத அழிச்சிட்டு, படிச்சுச் சிரிச்சார்னு போடச் சொன்னாரு. அதுவும் வேணாம்னாரு. கோபமா, சிரிப்பான்னு நமக்கு எப்படி புள்ள தெரியும், பென்சில் அடையாளம் இருக்கு, அத மட்டும் வையின்னாரு. அதான் கடைசி.’

உன் முன்னுரையின் மூன்றாம் பக்கம் என் சட்டைப் பையில் இருந்த போனில்தான் கிடந்தது. அவளுக்கு நான் காட்டவில்லை.

மற்ற நான்கு நோட்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவிடுகிறேன், வந்து ஐந்தையும் படித்து வேறு நோட்டில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். விடுதியில் போய் நானே நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன், வாய் குளறத்தான் கேட்டேன். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ‘நீங்க சொல்லி என்ன பாய். அன்னைக்கு எல்லாருக்கும் முன்னுக்கு என்னைய நிப்பாட்டிக் கேட்டது நீங்க இல்லையே, அந்தப் புள்ளதானே. அது வரட்டும். அதே டீக்கடை, அதே ஆளுக. வந்து சொல்லிச்சுன்னா அன்னைக்கே உக்காந்து எழுதுறேன்’ என்றாள். வராவிட்டால் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களோடு வால்பாறைப் பக்கம் தேயிலை எடுக்கப் போகிறாளாம். இந்த ஊரில் இனித் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று முடிவு செய்து ஒரு மாதமாகிறது. நோட்டைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

இப்போது உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் கையோடு, நகல் ஒன்று இன்றைக்கே உன் பதிப்பாளருக்கும் போகிறது. உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ யோசிப்பாய், அறிமுகக் கூட்டம், அங்கே காத்திருக்கிறவர்கள், டிக்கெட் என்று நூறு வரும், வெள்ளிக்கிழமை வந்துவிடும். நான் எட்டு மாதம் யோசித்தவன், அதன் ருசி எனக்குத் தெரியும். அந்த மூன்றாம் பக்கம் அச்சாகக் கூடாது. முன்னுரை இல்லாமல் புத்தகம் வரட்டும், இல்லை இரண்டு நோட்டோடு வராமல் ஏழு நோட்டோடு ஒரு வருடம் கழித்து வரட்டும். செய்தவன் பெயர் வேண்டுமென்றால் என் பெயரையும் கடைப் பெயரையும் போடு. பஜாரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதே பஜாரில்தான் மற்றவர்களைப் பற்றிப் பேசி வளர்ந்தேன்.

ஆனால் பேத்துப்பாறைக்கு உன்னை வரவழைக்க என்னால் முடியாது. நீ வளர்ந்த பெண். நான் செய்த தப்புக்கு நீ ஏன் ஊர் முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்பாய், கேட்கலாம். நான் அழித்தது எழுத்தை, நஸ்ரின். அவள் பெயரை அழித்ததில் நாம் இரண்டு பேரும் இருக்கிறோம். நான் பேசாமல் இருந்தேன், நீ தெரியாததைப் பேசினாய். என் பங்குக்கு நான் பேசிவிட்டேன்.

புதன்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறினால் வியாழன் காலையில் கொடைக்கானலில் இறங்குவாய். நான் ஜீப்போடு நிற்பேன். டீக்கடையில் அந்நேரம் எல்லாரும் இருப்பார்கள், வேலைக்குப் போகிற நேரம். நீ இறங்கியதும் நானும் கூட இறங்குவேன், இந்தத் தடவை வண்டிக்குள் உட்கார மாட்டேன். எப்படித் தொடங்குவது என்று திகைக்காதே. ‘எழுத்தை அழிச்சது எங்கத்தா’ என்று தொடங்கு. அதற்கு அடுத்த வாக்கியம் உன்னுடையது. அதை நான் எழுதித் தர முடியாது.

உன் அத்தா